கொடியின் கேடயத்தில் இரண்டு தலைகள்

படம் கைக்கு வந்த உடனே ஊசியில் நூல் கோர்த்துவிடாதீர்கள், தொழில் பழக வந்த பிள்ளைகளே. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இப்படி ஒரு வரியில் சொன்னால் மனதில் நிற்காது. எனக்கும் யாராவது சொல்லியிருந்தால் சரி சரி என்று தலையாட்டிவிட்டு நூல்கண்டைத்தான் தேடியிருப்பேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஈரோட்டுப் பக்கம். திருப்பூரில் எம்பிராய்டரி மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி நர்ஸ். அவளுக்கு நியூ ஜெர்சியில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்ததால் நானும் பின்னாலேயே வந்தேன். பொண்டாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டு அமெரிக்கா போனவன் என்று பங்காளிகள் கேலி பேசினார்கள். பொய்யில்லை. ஜர்னல் ஸ்கொயர் பக்கம் குடியிருந்தோம். ரயிலேறி நியூவர்க்கில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் கடை. கொடி, பேனர், சர்ச்சுக்கான துணிகள் எல்லாம் தைக்கிற கடை. தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது.

குளித்து, விபூதி பூசி, அம்மனைக் கும்பிடாமல் ஒரு நாளும் நான் மெஷினில் கை வைத்ததில்லை. ஓனர் அம்மா இத்தாலிக்கார வம்சத்தில் வந்தவர். முதல் வாரம் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, நாங்கள் சர்ச்சில் வருஷத்துக்கு ஒரு நாள், சாம்பல் புதனன்றுதான் பூசுவோம், நீ தினமும் பூசுகிறாயே, அவ்வளவு பாவமா செய்திருக்கிறாய் என்று கேட்டார். நல்ல மனுஷி. ஆனால் டெலிவரி தவறினால் மட்டும் மனுஷி இல்லை.

கடையில் என்னைத் தவிர இன்னொரு தமிழ் ஆள் ஜமீலா. காயல்பட்டினத்துப் பெண். எனக்குத் தங்கை மாதிரி, அதனால் அவள் என்றே எழுதுகிறேன். கணவர் இறந்துவிட்டார். ஜெர்சி சிட்டியில் பேங்க் கம்ப்யூட்டர் வேலை பார்த்த அண்ணன்தான் அவளைக் கூட்டிவந்தார். ஊரில் தொப்பிக்குப் பூவேலை செய்து பழகிய கை. நான் மெஷினில் ஒரு சிங்கத்தைத் தைத்தால் அது பசித்த பூனை மாதிரி முழிக்கும். அதன் கண்ணில் ஜமீலா கையால் நாலு தையல் போட்டால் உறுமும்.

அவளுடைய மகனும் மகளும் ஊரில் உம்மாவிடம் இருந்தார்கள். ஓனர் அம்மா ஜமீலாவுக்குக் கிரீன் கார்டு ஸ்பான்சர் செய்திருந்தார். அது வந்தால்தான் பிள்ளைகளைக் கூப்பிட முடியும். கடையில் ஒரு தகராறு வந்து, இந்தப் பெண் எனக்கு வேண்டாம் என்று ஓனர் அம்மா வக்கீலிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் போய்விடும். அதனால் ஜமீலா எந்த வேலைக்கும் முடியாது என்று சொல்லி நான் பார்த்ததில்லை. காய்ச்சலோடும் வருவாள். நோன்பு மாதத்திலும் எல்லாரையும் போல முழு நாள் உட்காருவாள்.

எங்கள் கடையைச் சுற்றி முழுக்கப் போர்ச்சுகல்காரர்கள். பேக்கரி, மீன் கடை, சர்ச், எல்லாம் அவர்களுடையது. ஒவ்வொரு ஊர்க்காரர்களும் தனித்தனியாக ஒரு கிளப் வைத்திருப்பார்கள். நாட்டுக் கொடி ஒன்று இருந்தாலும் ஊர்க்கொடி இல்லாத கிளப்பை அவர்கள் கிளப்பாகவே மதிக்க மாட்டார்கள். அந்த ஊர்க்கொடியை இஷ்டத்துக்குத் தைக்கவும் முடியாது, சட்டம் இருக்கிறது. நகரம் என்றால் துணி நடுவிலிருந்து எட்டுக் கூறாக விரிய வேண்டும், ஊருக்குரிய இரண்டு நிறமும் மாறி மாறி. அதைவிடச் சின்ன ஊர் என்றால் அப்படி விரியக் கூடாது. நடுவில் கேடயம். கேடயத்தின் மேல் வெள்ளி நிறத்தில் கோட்டைச் சுவர் மாதிரி ஒரு கிரீடம். நகரத்துக்கு ஐந்து கோபுரம், சின்ன டவுனுக்கு நாலு, கிராமத்துக்கு மூன்று. அடியில் வெள்ளை நாடாவில் ஊரின் பெயர். ஒரு கோபுரம் குறைந்தால் ஊரையே அவமானப்படுத்திவிட்டதாகச் சண்டைக்கு வருவார்கள்.

அப்படி ஒரு கிளப்பின் செயலாளர் மனுவேல். கட்டட வேலை கான்ட்ராக்டர். நகமெல்லாம் சிமென்ட். அவர்கள் ஊர் மேயர் அமெரிக்கா வருகிறார், கிளப் ஹாலில் பெரிய விருந்து, அன்றைக்கு மேடைக்குப் பின்னால் தொங்கப் பெரிய கொடி வேண்டும் என்று வந்தார். சாட்டின் துணி, சுற்றிலும் ஜரிகைக் குஞ்சம். தெருவில் டிரக்கை இன்னொரு காரை மறித்து நிறுத்திவிட்டு வந்ததால் நிற்க நேரமில்லை. ஒரு தபால் அட்டைப் படத்தை மேஜையில் வைத்தார். ஐந்து கோபுரம், வெள்ளி நிறம், மறக்காதே என்று மூன்று தடவை சொன்னார். போய்விட்டார்.

படத்தை எடுத்துப் பார்த்தேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கேடயத்தில் ஒரு குதிரை. குதிரை மேல் கவசம் போட்ட வீரன், ஓங்கிய வாள், வாளில் ரத்தம். குதிரையின் காலடியில் வெட்டுப்பட்ட இரண்டு தலைகள். ஒன்று தலைப்பாகை கட்டிய ஆண், இன்னொன்று பெண்.

உங்களுக்கு இது பயங்கரமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. எங்கள் ஊர் எல்லையில் குதிரை மேல் வாளோடு சாமி இருக்கிறது. எங்கள் குலதெய்வம் அம்மன் ஒரு கையில் அசுரன் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சின்ன வயதிலிருந்து அந்தத் தலைக்கும் சேர்த்துத்தான் நான் கற்பூரம் காட்டியிருக்கிறேன். இத்தனை கடல் தாண்டி வெள்ளைக்காரன் ஊருக்கும் ஒரு காவல்சாமி இருக்கிறதே என்றுதான் கையெடுத்துக் கும்பிட்டேன். மனுவேலிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, எனக்குத்தான் தெரியுமே என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து கறி, முட்டை தொடவில்லை. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அந்தக் கொடியிடம் போவேன். தரையில் ஸ்டேப்ளர் ஊசி கிடக்கிறது, குத்தினால் இன்ஷூரன்ஸ்காரனுக்கு யார் பதில் சொல்வது என்று ஓனர் அம்மா கத்தினார். துணியில் படாமல், அதை இழுத்துக் கட்டிய சட்டத்தின் மரத்தில் மட்டும் துளி குங்குமம் வைத்தேன். எட்டுக் கூறு, கோபுரம், குதிரை, வாள் எல்லாம் மெஷினில் நான் முடித்தேன். முகங்களுக்கு மெஷின் சரிவராது. வெறும் வெள்ளைத் துணியாக விட்டு ஜமீலாவிடம் சட்டத்தை நகர்த்தினேன்.

அவள் படத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள்.

"யாரு அண்ணாச்சி இது? தல மட்டும் கெடக்கு?"

"அசுரன் அம்மிணி. சாமி வெட்டிப் போட்டிருக்குது."

"பொம்பளத் தலையுமா?"

"அரக்கியா இருக்கும். எங்க புராணத்துல நெறைய இருக்குது."

"உங்க புராணம் எனக்கு எங்க தெரியும்? அரக்கின்னா பல்லு வெளிய நிக்கணும்லா. இதுல கண்ணு தெறந்து கெடக்கது மட்டுந்தான் தெரியுது, மூக்கு வாயே தெரியல. எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு. நான் எதப் பாத்துத் தைக்க?"

பார்த்தால் பயம் வருகிற மாதிரி உயிரோட்டமாகத் தைத்துவிடு என்று சொன்னேன். பயப்படுத்துகிற முகமெல்லாம் தனக்கு வராது, தெரிந்த முகம்தான் வரும் என்று சொல்லிக்கொண்டே ஊசியை எடுத்தாள்.

சில நாளில் இரண்டு முகமும் வந்துவிட்டன. தலைப்பாகைக்காரன் தாடியோடு பார்க்க நன்றாகவே இருந்தான். அந்தப் பெண் முகத்தைப் பார்த்துத்தான் சிரித்தேன். உப்பின கன்னம், கொஞ்சம் தூக்கின மேலுதடு, அகலமாகத் திறந்த கண். உன் அரக்கிக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறதே என்றேன். அவளும் சிரித்தாள்.

விருந்துக்கு முதல் நாள் காலை மனுவேல் பார்க்க வந்தார். மறுநாள் காலை வந்து எடுத்துப் போவதாகப் பேச்சு. முதல் வேலையாகக் கோபுரங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். எட்டுக் கூறும் நடுவில் சரியாகக் கூடுகிறதா என்று பார்த்தார். குஞ்சத்தை உள்ளங்கையில் உருட்டினார். முகம் மலர்ந்துவிட்டது. மேயரே இப்படி ஒரு கொடி வைத்திருக்க மாட்டார் என்றார்.

எனக்கும் சந்தோஷம். பக்கத்து மேஜையில் ஜமீலா வேறு வேலையில் இருந்தாள், அவளும் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் பக்தியோடு கேட்டேன், ஐயா, இது உங்கள் ஊரின் எந்தச் சாமி, என்ன அசுரர்களை வதம் செய்தார் என்று.

மனுவேல் சத்தமாகச் சிரித்தார். சாமியும் இல்லை, பூதமும் இல்லை என்றார். பல நூறு வருஷத்துக்கு முன் எங்கள் ஊர் மூர்கள் கையில் இருந்தது. கோட்டைக்கு வெளியே ஒரு காவல் கோபுரம். அதில் ஒரு காவல்காரன், அவனோடு அவன் மகள். அப்பன் கண்ணயர்கிற நேரம் மகள் காவல் பார்ப்பாள். அன்றைக்கு அவளும் தூங்கிப்போனாள். எங்கள் வீரன் சுவரில் ஏறிப்போய், தூங்குகிற இரண்டு பேர் தலையையும் வெட்டி, அந்தக் கோபுரத்திலிருந்தே பொய்ச் சமிக்ஞை காட்டிக் கோட்டைக் கதவைத் திறக்கவைத்தான். அப்படித்தான் ஊர் எங்களுக்குக் கிடைத்தது. இதை அவர் சின்னப் பிள்ளைக்குக் கதை சொல்வது போலக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். வாளால் வெட்டுவதையும் காட்டினார்.

பாதி புரிந்து பாதி புரியாமல் நான் நின்றேன். மூர் என்றால் யாரோ ஒரு ஜாதி என்று நினைத்தேன்.

ஜமீலா எழுந்து வந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் அதிகம் வராது. "மூர் மீன்ஸ் முஸ்லிம்?" என்று கேட்டாள்.

ஆமாம் ஆமாம் என்று திரும்பினார் மனுவேல். அப்போதுதான் அவள் தலை முக்காட்டைப் பார்த்தார். ஓங்கிய கை அப்படியே நின்றது. அது ரொம்பப் பழைய கதை மேடம், வெறும் படம், எங்கள் ஊர்க் குப்பைத்தொட்டியில்கூட அந்தப் படம் இருக்கும் என்று ஏதேதோ சொன்னார். நாளைக்கு ஒன்பது மணிக்கு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார். டிரக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

 ஜமீலா சட்டத்தின் அருகே நின்று கேடயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வாப்பா கொழும்புல கட வச்சிருந்தாவ. அங்க கவர்மென்ட்டு கச்சேரிக் காயிதத்துல எல்லாம் அவுகளுக்கு மூர்னுதான் எழுதியிருக்கும். அதக் கேட்டதும் தெரிஞ்சிப்போச்சு அண்ணாச்சி."

 அவள் விரல் அந்தப் பெண் முகத்தின் மேல் இருந்தது.

"இது ஆயிஷா மொகம்."

எனக்கு விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. ஆயிஷா அவள் மகள். அந்தக் குழந்தையின் போட்டோவை நான் பத்து தடவை பார்த்திருக்கிறேன். உப்பின கன்னம், தூக்கின மேலுதடு. யாருடையது என்று தெரியாத ஒரு முகத்தைத் தைக்கச் சொன்னால் பிள்ளையைப் பிரிந்திருக்கிற தாய்க்கு வேறு எந்த முகம் வரும்? அவள் ஆசை ஆசையாக, இழை இழையாகத் தன் மகளைத் தைத்திருக்கிறாள். தைத்தது வெட்டுப்பட்ட தலை. நான்தான் அரக்கி என்று சொல்லிக் கொடுத்தேன்.  

ஜமீலா அழவில்லை. தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்தாள். கண்ணிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு இழையாக அறுத்து இழுத்தாள். அந்தச் சத்தம், நூல் துணியை விட்டு வருகிற சின்னச் சத்தம், என் காதில் பெரிதாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் இருந்தன.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள் பிள்ளைகளே. மறுநாள் காலை டெலிவரி. கொடியின் நடுவில் அம்மைத் தழும்பு மாதிரி ஓட்டை. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

நான் போனை எடுத்தேன். ஓனர் அம்மா அன்றைக்கு வீட்டில் இருந்தார். நம்பரில் பாதி அழுத்திவிட்டேன். அப்போது ஒன்று தோன்றியது. ஜமீலாவால் தைக்க முடியவில்லை என்று நான் சொன்னாலும், ஜமீலா தைக்க மாட்டேன் என்கிறாள் என்றுதான் அந்தப் பக்கம் விழும். அவ்வளவுதான், இரண்டு பிள்ளைகளும் ஊரிலேயே நிற்கும். போனை வைத்துவிட்டேன். அம்மன் அருள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவசரத்தில் நம் விரல் தானாகப் போகும் முதல் எண் பெரும்பாலும் நம்மைக் காப்பாற்றிக்கொள்கிற எண்ணாகத்தான் இருக்கும்.

அடுத்து எனக்குத் தோன்றியது பொய். ஜமீலாவிடம் போய், அம்மிணி, நீ வீட்டுக்குப் போ, திடீர்க் காய்ச்சல் என்று நான் சொல்லிக்கொள்கிறேன், முகத்தை எப்படியோ மெஷினில் ஓட்டிவிடுகிறேன் என்றேன்.

அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"எனக்காவ நீங்க பொய் சொல்லாண்டாம். எனக்கு ஒண்ணும் காய்ச்ச இல்ல. அசுரன்னு சொன்னியளே, ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லப்படாதா? இப்பமும் என்னக் கேக்காம நீங்களே ஒண்ண முடிவு பண்ணுதிய."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. சட்டத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். எதிரே அந்தக் குதிரைவீரன். இத்தனை நாள் ஷூவைக் கழற்றிவிட்டு, விரதம் இருந்து, நான் கையெடுத்துக் கும்பிட்டது தூங்குகிற குழந்தையை வெட்டியவனை. தாயே, நான் யாரை என்று நினைத்துக் கும்பிட்டேன் என்று உனக்குத் தெரியும் என்று மனதுக்குள் சொன்னேன். சொல்லியும் நெஞ்சு ஆறவில்லை. மெஷினில் ஓட்டிவிடுகிறேன் என்று சொன்னேனே, அந்த இடத்தில் ஒரு பெண் தலையை இனி என்னாலும் தைக்க முடியாது என்று தெரிந்தது.

மத்தியானத்துக்கு மேல் ஜமீலா கேட்டாள்.

"அந்த ஆளு என்ன சொன்னாரு? ரெண்டு பேரும் தூங்கிட்டா இருந்தாவ?"

"ஆமா அம்மிணி. அப்பிடித்தான் சொன்னாரு."

"பெறகு எதுக்குப் படத்துல கண்ணு தெறந்து கெடக்கு?"

அவளே பதிலும் சொன்னாள்.

"கண்ண மூடி விட ஆள் இல்ல. அதான்."

எழுந்து பின்னாலிருந்த குழாயடிக்குப் போனாள். கை, முகம், கால் எல்லாம் தொழுகைக்குப் போகிற மாதிரி கழுவிவிட்டு வந்தாள். முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். வெள்ளை நூல்கண்டு ஒன்றை எடுத்தாள். நீ தைக்க வேண்டியதில்லை, எது வந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டே நான் எழுந்தேன்.

"யாராவது தைக்கத்தான போறாவ? வேற எவனாவது கண்ணத் தெறந்தே தைப்பான். மய்யித்தா கெடக்க பொம்பளப் புள்ளைக்குச் செய்யிறதுக்கு ஒரு பொம்பள வேணும் அண்ணாச்சி. சொந்தக்காரி இல்லாட்டா ஊர்க்காரி செய்வா, ஊர்க்காரி இல்லாட்டா யாராவது ஒருத்தி செய்வா. நீங்க செத்த நேரம் வெளிய போங்க. ஆம்பள நிக்கப்படாது."

மய்யித்து என்றால் இறந்தவர் உடம்பு. அவர்களில் பெண்ணுடம்பைப் பெண்கள்தான் கழுவித் துணி போர்த்துவார்கள். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். சாட்டின் துணியில் உள்ளங்கை அளவு முகம் அது. அதற்காக என்னை வெளியே போகச் சொன்னாள். நான் போனேன். ஷூவைப் போட்டுக்கொள்ளக்கூடத் தோன்றாமல் சாக்ஸோடு நடைபாதையில் நின்றேன். மீன் கடையிலிருந்து வந்த ஒரு பாட்டி என் காலைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு போனார்.

அவள் கூப்பிட்டபோது வெயில் எதிர்ச் சுவரில் ஏறியிருந்தது.

உள்ளே போய்ப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் கண்கள் மூடியிருந்தன. இமையோரத்தில் மெல்லிய ஒரே கோடு. வாய் மூடியிருந்தது. முடி தெரியாமல் வெள்ளை நூலால் தலை மூடி, தாடைக்கு அடியில் துணி சுற்றியிருந்தது. ஆயிஷா இல்லை. நான் பார்த்தே இராத யாரோ ஒரு பிள்ளை. அரக்கி என்று நான் சொன்ன பிள்ளை. வெட்டுப்பட்ட இடத்தையும் அந்தத் துணிக்குள் கொண்டுவந்திருந்தாள்.

பக்கத்தில் தாடிக்காரன் கண்ணைத் திறந்தபடியே கிடந்தான்.

"இவருக்கு நீங்க செய்யுங்க."

"நானா? எனக்குக் கைத்தையல் எங்க வரும் அம்மிணி? கெடுத்துருவேன்."

"ஆம்பளைக்கு ஆம்பளதான் செய்யணும். நான் செய்யப்படாது. கோணலாப் போனாலும் போவட்டும்."

ஊசியில் நூல் கோர்த்து என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என் அப்பனுக்கு நான் கண் மூடிவிட்டிருக்கிறேன். அது கை தானாகச் செய்தது. இங்கே ஒவ்வொரு தையலையும் எண்ணி எண்ணிப் போட்டேன். விபூதி பூசிய நெற்றியோடு, காயல்பட்டினத்துப் பெண் கோர்த்துக் கொடுத்த ஊசியால், யாரோ ஒரு தேசத்துக் காவல்காரனின் இரண்டு கண்ணையும் மூடினேன். இடது இமை கொஞ்சம் கோணல்தான். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, "போதும்" என்றாள். இறந்தவர்களுக்காக அவர்கள் சொல்கிற துஆவை முணுமுணுத்தாள். எனக்குத் தெரிந்த சிவ நாமத்தை நான் சொன்னேன்.

ஜமீலாவுக்குக் கிரீன் கார்டு பின்னால் வந்தது, பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். நீங்கள் பதறிக்கொண்டே படிக்க வேண்டாம் என்பதற்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மறுநாள் காலை எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது. சட்டப்படி இருக்க வேண்டிய கொடியை நாங்கள் மாற்றியிருக்கிறோம். மனுவேல் இது எங்கள் கொடி இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் ஓனர் அம்மாவிடம் போகும். யார் மாற்றியது என்று கேள்வி வரும். நான் அம்மனை நினைத்துக்கொண்டே நின்றேன். ஜமீலா என் பின்னால் ஒளியாமல் பக்கத்தில் வந்து நின்றாள்.

மனுவேல் வந்தார். டிரக்கை மறுபடியும் தெருவை மறித்துத்தான் நிறுத்தியிருந்தார். கொடியை விரித்தோம். கோபுரங்களை முதல் நாளே எண்ணிவிட்டதால் நேராகக் கேடயத்துக்குக் குனிந்தார். 

எங்கள் படத்தில் கண் திறந்திருக்குமே என்றார்.

தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். என் இங்கிலீஷ் எனக்கே கேட்கவில்லை.

யார் செய்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் ஜமீலா சொல்லிவிட்டாள், பெண்ணுக்கு நான், அப்பாவுக்கு இவர் என்று. ஏன் என்று அவர் கேட்டார். செத்தவர்களுக்கு யாராவது செய்ய வேண்டும் என்று தனக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையில் சொன்னாள்.

மனுவேல் தன் தடித்த விரலால் அந்தப் பெண்ணின் இமையைத் தடவினார். அறுபது வயசாகிறது, பிறந்ததிலிருந்து இந்தப் படத்தைப் பார்க்கிறேன், இந்தப் பெண்ணுக்கு என்ன வயசிருக்கும் என்று ஒரு நாள்கூட நினைத்ததில்லை என்றார். வெளியே எவனோ ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். அவர் அசையவில்லை. ரசீதில் கையெழுத்துப் போட்டார்.

நாங்கள் எப்போதும் கேடயம் வெளியே தெரிகிற மாதிரிதான் மடித்துக் கொடுப்போம். அவர் எங்களை விடவில்லை. கேடயம் உள்ளே போகும்படி தானே மடித்தார். மடித்துவிட்டும் போகவில்லை.

என் அம்மா ஊரில் செத்தபோது நான் இங்கே பாலத்துக்குக் கான்கிரீட் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்று கொடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். போக முடியவில்லை. பணம் அனுப்பினேன். கண்ணை யார் மூடினார்கள் என்று நான் கேட்டதே இல்லை என்றார்.

சட்டைப் பையிலிருந்து வெளிநாட்டுக்குப் பேசுகிற போன் கார்டை எடுத்து, உங்கள் போனைக் கொஞ்சம் தருகிறீர்களா என்று கேட்டார். நீளமாக எண்களை அழுத்தினார். அந்தப் பக்கம் அவருடைய தங்கை என்று பேச்சில் தெரிந்தது. அவர்கள் மொழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அப்புறம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஹார்ன் நின்றுவிட்டது. போனை வைத்துவிட்டுக் கொடியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார்.

"பக்கத்து வீட்டுக்காரியாம்" என்றார். "ஊரில் இருந்தவரைக்கும் அவளோடு நான் ஒரு நாளும் முகம் கொடுத்துப் பேசினதில்லை."